கோகிலா படுக்காத படுக்கை

ஒரு ஊர்ல ஒரு கோகிலா இருந்தா. ராஜா ராணி கதையெல்லாம் இன்னைக்கு அத்தைக்கு வராது கண்ணு, காலெல்லாம் கடுக்குது. கண்ணை மூடிட்டுக் கேளு. ம் மட்டும் கொட்டு.

அந்த ஊரு திருப்பூரு. கோகிலா ஒரு பனியன் கம்பெனியில சூப்பர்வைசரு. நாள் பூரா நின்னுட்டே இருக்கணும். தையல் மிசினெல்லாம் கடகட கடகடன்னு ஓடும், வீட்டுக்கு வந்தாலும் காதுக்குள்ள அதே கடகடதான். வந்த உடனே எங்க படுக்கறது? சோறு ஆக்கணும், பாத்திரம் கழுவணும், யாராவது வந்தா காப்பி வெக்கணும். பாவம் அவ. ம் சொல்லு.

அவ புருசன் தனசேகரன் எலக்ட்ரிக் கடை வெச்சிருந்தான். நல்லவன்தான். அவன்கிட்ட தொந்தரவே அதுதான். ஒருநாள் குன்னூர்ல ஒரு பழைய வேன் விலைக்கு வருதுன்னு ரெண்டு பேரும் பாக்கப் போனாங்க. அந்தக் காலத்து வண்டி மாதிரி உருண்டை மூஞ்சி, மேல வெள்ளை, கீழ பச்சை. வித்தவரு கதவை சர்ர்ருன்னு இழுத்தாரு. உள்ள ஒரு குட்டி வீடே இருக்குது. அடுப்பு, கை கழுவற தொட்டி, ஜன்னலுக்குத் திரை. சீட்டை மடக்கி விரிச்சா படுக்கை.

தனசேகரன் இன்ஜினைப் பாத்தான், டயரைத் தட்டினான், துரு இருக்கான்னு குனிஞ்சு பாத்தான். கோகிலா ஒண்ணையும் பாக்கல. படுக்கை மேல உள்ளங்கையை வெச்சு ஒரு அமுக்கு. மெத்துன்னு உள்ள போச்சு. சனி ஞாயிறு ஆனா எங்காவது மலையோரமா, யாரும் கூப்பிடாத எடத்துல, இதுல படுத்து ஒரு தூக்கம் போடணும். அவளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். "இதை வாங்கிரலாமுங்க"ன்னா.

அப்புறம் வாங்கியாச்சு. கோயில் முன்னாடி பூசை போட்டு, டயருக்கெல்லாம் எலுமிச்சம்பழம் வெச்சு பச்சக் பச்சக்னு நசுக்கி, வீட்டுக்குக் கொண்டாந்தாங்க.

மொத தடவை வால்பாறைக்குக் கெளம்பினாங்க. தனசேகரன் அவங்கக்கா வீட்டுல சொல்லிட்டு வரப் போனான். நம்ம ஊர்ல ஒரு மொறை இருக்குல்ல, எங்காவது போறோம்னா, 'நீங்களும் வாங்களேன்'னு ஒரு வார்த்தை கேக்கணும். அவங்க 'இல்லப்பா, வேலை கெடக்குது'ன்னு சொல்லணும். இவன் கேட்டான். அக்கா சரின்னு செருப்பை மாட்டிட்டா. அக்கா வந்தா மச்சான் வரணும், பிள்ளைங்க வரணும். வேன் லொட லொடன்னு மலை ஏறிச்சு. அடுப்புதான் கையோட இருக்கேன்னு கோகிலா போன எடமெல்லாம் டீ போட்டா, உப்புமா கிண்டினா. படுக்கையில மச்சான் ஏறிப் படுத்து கொர்ர்ர்... கொர்ர்ர்...

ம் வரலியே. தூங்கிட்டியா? சரி, முழிச்சுட்டுத்தான் இருக்க.

அப்புறம் ரெண்டாவது தடவை ஊட்டி. வண்டியெடுக்கற நேரம் பக்கத்து வீட்டு வாத்தியாரு அவங்க வாசல் கேட்டுப் பக்கத்துல நின்னாரு. இவன் வாய் சும்மா இருக்குமா? வாத்தியாரும் வந்தாரு, வாத்தியாரம்மாவும் வந்தாங்க. அந்தம்மாவுக்கு முட்டி வலி, காலை நீட்டியே வரணும். படுக்கை அவங்களுக்குப் போச்சு.

மூணாவது தடவை ஆழியாறு. "தயவு பண்ணி யாருகிட்டயும் வாயைத் தெறக்காதீங்க"ன்னு கோகிலா மொதல்லயே சொல்லிட்டா. அவனும் பல்லைக் கடிச்சுட்டுத்தான் வந்தான். பெட்ரோல் பங்க்ல கூடப் படிச்ச ஒருத்தன், பொண்டாட்டி குழந்தையோட பைக்குக்குப் பெட்ரோல் போட்டுட்டு இருந்தான். அவ்வளவுதான். பைக்கை பங்க்லயே ஓரங்கட்டிட்டு மூணு பேரும் ஏறிட்டாங்க. ஆழியாறு போய்ச் சேர்றதுக்குள்ள அந்தக் குழந்தை படுக்கையில மூத்திரம் பேஞ்சு வெச்சுது. கோகிலா மெத்தையை அலசி பாறை மேல காயப்போட்டுட்டு, அது பக்கத்துலயே உக்காந்தா. அவளுக்கு அழுகையா வந்துச்சு. சத்தம் போட்டு அழக்கூட ஒடம்புல தெம்பு இல்ல.

திரும்பி வரும்போது, "ஒரு வார்த்தைக்குத்தான் கேட்டேன் கோகிலா"ன்னான் அவன். அவ ஜன்னல் பக்கம் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டா.

அப்புறம் அடுத்த சனிக்கெழமை வந்துச்சு. இந்த வாரம் எங்க போலாம்னு அவன் கேட்டான். கோகிலா ஒரு தலகாணியை எடுத்துட்டு வெளிய போனா. வாசல்ல நின்ன வேன்ல ஏறினா. கதவு சர்ர்ருன்னு மூடிச்சு. டக்குன்னு தாழ் விழுந்துச்சு. ஜன்னல் திரையெல்லாம் சரக் சரக்னு இழுத்து விட்டுட்டா.

கொஞ்ச நேரத்துல அக்கா வந்தா. "கோகிலா எங்கடா, ஒரு காப்பி குடிக்கலாம்னு வந்தேன்"னா. தனசேகரன் போய் வேன் கதவை டொக் டொக்னு தட்டினான்.

உள்ள இருந்து கொரல் மட்டும் வந்துச்சு. "நான் ஊர்ல இல்லீங்க."

அவன் கதவைப் பாத்தான். அக்காவைப் பாத்தான். அவனுக்கு அப்பத்தான் ஒறைச்சுது.

"அவ ஊர்ல இல்லக்கா"ன்னான்.

"வண்டி இங்கதானடா நிக்குது?"

"வண்டி நிக்குதுக்கா. அவ போயிட்டா."

அக்கா முறைச்சுப் பாத்துட்டே போயிட்டா. அவ தெரு முக்கு திரும்பற வரைக்கும் அவன் 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை கூப்பிடல. கூப்பிடாம நிக்கறதுக்குள்ள அவனுக்கு வேர்த்துப் போச்சு. அப்புறம் உள்ள போய் அரிசியைக் கழுவி குக்கர்ல வெச்சான்.

உஸ்ஸ்ஸ்... உஸ்ஸ்ஸ்...

வேனுக்குள்ள படுத்திருந்த கோகிலாவுக்கு அது கேட்டுச்சு. எத்தனை விசில்னு அவ எண்ணல.

அவ்வளவுதான் கண்ணு. கதையும் படுத்துருச்சு, நீயும் படு. அத்தையும் இப்ப ஊர்ல இல்ல.