கொஞ்சம் தள்ளிக்கொள்

பொருநையாறு தெற்கே வளையும் படித்துறை ஒன்றில், ஒரே அறை கொண்ட கல்மண்டபத்தில் உலகம்மை என்னும் துறவி வாழ்ந்து வந்தாள். அவளிடம் உபதேசம் பெற்றவர்களுள் சங்கரநயினார் மூத்தவர். குருவைவிடவும் வயதில் மூத்தவர். மின்வாரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். நீராடி, நீறணிந்து, பதிகம் ஓதாமல் பச்சைத் தண்ணீரும் பருகாதவர்.

ஒருநாள் அவர் வாடிய முகத்தோடு மண்டபத்துக்கு வந்தார்.

உலகம்மை எழுந்தாள். அறைக்குள் இருந்த ஒரே பொருளான தண்ணீர்க் குடத்தைத் தூக்கி வெளியே படியில் வைத்தாள். பிறகு, "உட்காரும்" என்றாள்.

அவர் உட்கார்ந்தார்.

"தாயே, ஒரு கேள்வி. கேட்கவே கூச்சமாக இருக்கிறது."

"கடவுளைப் பற்றியா?"

"இல்லை. வீட்டுச் சாமான்களைப் பற்றி."

"அப்படியென்றால் கூச்சப்பட வேண்டியதுதான். கேளும்."

நயினார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஊரில் இருந்த வீட்டை விற்றுவிட்டு டவுனுக்கு வந்தோம். அங்கே தொழுவம் இருந்தது. மாடுகள் போன பிறகு, கைக்கு உதவாதது எல்லாம் தொழுவத்துக்குப் போகும். இங்கே முற்றம் கிடையாது, பின்கட்டு கிடையாது. கார் ஷெட் போட்டு அதிலே அடுக்கலாம் என்றால் ஒரு சாண் மண் கிடையாது. ஒரு கூடம், ஓர் அடுக்களை, ஓர் அறை, அவ்வளவுதான். அந்த அறை முழுக்கச் சாமான்."

"இருக்கட்டுமே."

"என் மகள் குழலி மாசமாக இருக்கிறாள். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வர வேண்டும். அவள் படுக்க அந்த அறை ஒன்றுதான் உண்டு. 'உங்களுக்கு இடம் இல்லையென்றால் சொல்லிவிடுங்கள், பிள்ளையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம்' என்று சம்பந்தியம்மாள் ஒரு மாதிரியாகச் சொல்லிவிட்டாள். பெற்ற மகளுக்கு ஒரு பாய் விரிக்க இடமில்லாத வீடு என்று ஆகிவிடும், தாயே."

"வேண்டாததைக் கொடுத்துவிடலாமே."

"கொடுக்கலாம். நாள் அமையவில்லை. செவ்வாயும் வெள்ளியும் வீட்டுப் பொருள் வெளியே போகக் கூடாது. அஷ்டமி, நவமி ஆகாது. அமாவாசையில் கூடாது. கரிநாள் உண்டு. என் மனைவி வடிவின் நட்சத்திரம் உண்டு. இத்தனையும் தப்பிய நாளில், பழைய இரும்புக்காரன் விளக்கு வைத்த பிறகுதான் தெருவுக்குள் வருகிறான்."

உலகம்மை அவர் பக்கம் திரும்பினாள்.

"பேருந்தில் ஏறுகிறீர். உட்கார இடம் இல்லை. என்ன செய்வீர்?"

"பக்கத்தில் இருப்பவரிடம், கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள் என்பேன்."

"சாமான்களிடமும் அதையே சொல்லும். அவை தள்ளிக்கொள்ளும்."

"தாயே, கேலி செய்கிறீர்களா?"

"இல்லை. ஆனால் ஒன்று. தள்ளிக்கொண்டு இடம் கொடுத்தவன், பிறகு உம்மையும் தள்ளிக்கொள்ளச் சொல்வான். அப்போது 'மாட்டேன்' என்று சொல்ல உமக்கு வாய் வருமானால் மட்டும் கேளும்."

நயினார் வணங்கி விடைபெற்றார். அவர் படியிறங்கிய பிறகு உலகம்மை குடத்தை மறுபடி உள்ளே எடுத்து வைத்தாள். அதை அவர் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போனார். இரும்புப் பீரோ சுவரோடு சுவராக நின்றது. பக்கத்தில் தையல் மெஷின், அதன்மேல் காற்றடிக்காத மேசை விசிறி, அதற்கும் மேல் டிவி வந்த அட்டைப்பெட்டி. அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பீரோவிடம் சொன்னார்.

"கொஞ்சம் தள்ளிக்கொள்."

தரையில் இரும்பு உராயும் ஓசை கேட்டது. பீரோ நகர்ந்தது. பின்னால் சுவர் இருக்க வேண்டிய இடத்தில் சுவர் இல்லை. இருள்தான் இருந்தது. அந்த இருளிலிருந்து குளிர்ந்த காற்று வந்தது. பழைய தொழுவத்தின் வைக்கோல் வாடை அதில் இருந்தது.

அவர் உடல் சிலிர்த்தது. குருவருள் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு தையல் மெஷினை உள்ளே தள்ளினார். அது எங்கும் முட்டவில்லை.

"யார்கிட்ட பேசுதிய?" என்று அடுக்களையிலிருந்து வடிவு கேட்டாள்.

"பீரோகிட்ட."

"நல்லது. அதுவாவது பதில் சொல்லுதா?"

மாலைக்குள் அறை காலியாகிவிட்டது. வடிவு வாசற்படியில் நின்று வாயைப் பிளந்தாள். தரையின் சிவப்புக் காவியை அவள் அந்த வீட்டுக்கு வந்த பிறகு அன்றுதான் பார்த்தாள்.

"எங்க போச்சு எல்லாம்?"

"உள்ளேதான் இருக்கிறது."

"எதுக்குள்ள?"

 அவர் மனம் வேறொரு கணக்கில் இறங்கியிருந்தது. இவ்வளவு இடம் இருக்கும்போது, ஊரில் தம்பி வீட்டில் போட்டுவிட்டு வந்தவற்றை ஏன் அங்கே விட வேண்டும்? மறுநாளே குட்டியானை வண்டி பிடித்துப் போனார். விளிம்பு நசுங்கிய அண்டா, தவலை, கால் ஒடிந்த கட்டில், தாத்தா காலத்துப் பஞ்சாங்கக் கட்டு, மாடில்லாத வீட்டின் புல்லுக்கூடை எல்லாம் வந்து சேர்ந்தன. வண்டிக்காரர் இறக்கி வைத்துவிட்டு, "அண்ணாச்சி, வீடு எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இதுதான் வீடு."

"நான் இது குடோன்னுல்லா நெனச்சேன்!"

அவற்றையெல்லாம் நயினார் உள்ளே அனுப்பினார். ஒவ்வொன்றிடமும் தணிந்து கேட்டார். ஒவ்வொன்றும் தள்ளிக்கொண்டது.

சில நாட்கள் கழித்து ஓர் உச்சிப் பொழுதில், உண்ட களைப்பில் கூடத்தில் சாய்ந்திருந்தார். தெருவில் நாய்கூடக் குரைக்கவில்லை. அறைக்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. கோபம் இல்லை, மிரட்டல் இல்லை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் பேசுவதுபோன்ற பணிவான குரல்.

"கொஞ்சம் தள்ளிக்கொள்ளுங்கள்."

நயினார் கண்ணைத் திறந்தார். அறையின் நடுவே பீரோ நின்றது. காலையில் அது அங்கே இல்லை.

மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தார். இத்தனை பணிவாகக் கேட்பவரிடம் முகத்தில் அடித்தாற்போல் எப்படிச் சொல்வது? பாயை ஒரு முழம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அந்த ஒரு முழத்தில் அண்டா வந்து அமர்ந்தது.

அன்று முதல் நாள்தோறும் உச்சியில் அந்தக் குரல் வந்தது. பாய் கூடத்தின் ஓரத்துக்குப் போயிற்று. பிறகு வாசலை ஒட்டிய நடைக்குப் போயிற்று. காலியான அறை நிறைந்து, கூடமும் நிறைந்தது. அடுக்களையிலிருந்து வடிவு பேசினால், ஆற்றுக்கு அக்கரையிலிருந்து பேசுவதுபோல் கேட்டது.

"உங்க சத்தமும் கெணத்துக்குள்ள இருந்து வருத மாதிரில்லா இருக்கு" என்றாள் அவளும்.

"இரும்புக்காரனை வரச் சொல்லட்டுமா?" என்று ஒருநாள் அவரே கேட்டார். கேட்டுவிட்டுத் தினசரி காலண்டரைப் பார்த்தார். அஷ்டமி. மறுநாள் நவமி. அதற்கடுத்த நாளைக் காலண்டர் கரிநாள் என்றது.

"அதுக கையைக் காலை நீட்டிப் படுத்திருக்கு. நாமதான் குறுகிக் கெடக்கோம். நீங்க நாள் பாருங்க" என்றாள் வடிவு.

அவள் அப்படிச் சொன்னதற்கு மறுநாள், உச்சிக்குப் பிறகு அவளைக் காணவில்லை. உலையில் சோறு கொதித்து வழிந்துகொண்டிருந்தது. நயினார் தெருவில் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "வடிவு!" என்று கூப்பிட்டார்.

"என்னங்க?"

குரல் பீரோவுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"அங்கே என்ன செய்கிறாய்?"

"தள்ளிக்கச் சொல்லிச்சு. தள்ளிக்கிட்டேன்." அந்தக் குரலில் ஒரு வருத்தமும் இல்லை. "இங்க இடம் நெறைய கெடக்குங்க. நீங்களும் வாங்களேன்."

அவர் இருளுக்குள் கையை நீட்டினார். தோள்வரை போயிற்று. தவலை தட்டுப்பட்டது, கட்டிற்கால் தட்டுப்பட்டது, கடைசியில் குளிர்ந்த வளையல்கள் தட்டுப்பட்டன. பிடித்து இழுத்தார். வெளியே வந்த வடிவின் தலைமுடியில், பல காலம் தொடாத பொருளின்மேல் படிவதுபோலத் தூசி படிந்திருந்தது. அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சோறு பொங்கிட்டா?" என்று கேட்டாள்.

நயினார் அன்று பதிகம் ஓதும்போது அடி மறந்தார். குருவிடம் ஓட வேண்டும் என்று தோன்றியது. என்ன சொல்வது? மாட்டேன் என்று ஒரு சொல் சொல்ல வரவில்லை என்றா? குழலி வந்துவிட்டால் எல்லாம் ஒழுங்காகிவிடும் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். ஓர் ஆள் மூலம், மகள் வரும் அன்று வந்து வாழ்த்த வேண்டும் என்று மட்டும் உலகம்மைக்குச் சொல்லி அனுப்பினார்.

சம்பந்தி வீட்டார் குறித்த நாள் வெள்ளிக்கிழமையாக அமைந்தது. வளைகாப்பு முடித்து மகளை அழைத்து வர வடிவு போயிருந்தாள். நயினார் ஒருவர் நிற்கும் அளவே மிஞ்சியிருந்த நடையில் நின்று, மாடத்து விளக்கை ஏற்றினார். சுடரின் ஒளி அண்டாவிலும் தவலையிலும் பட்டு, உள்ளே எவ்வளவோ தூரம் வரை சின்னச் சின்னக் கண்களாக மின்னிற்று.

உலகம்மை நடந்தே வந்து தெருவில் நின்றாள். உள்ளே வாருங்கள் என்று சொல்ல நயினாருக்கு நா எழவில்லை. 

பின்னாலேயே கார் வந்தது. வடிவு இறங்கி, மகளின் கையைப் பிடித்து இறக்கினாள். குழலியின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல்கள். நடந்தபோது அவை கலகலத்தன. அவள் வாசற்படியில் வலது காலை வைக்கப் போனாள். வைக்க இடம் இல்லை. காலை அந்தரத்திலேயே நிறுத்திச் சிரித்தாள்.

"என்னப்பா, எனக்கு முன்னாடி எல்லாரும் வந்துட்டாங்க போலிருக்கே!"

அப்போது குரல் வந்தது. இந்த முறை ஒன்றல்ல; பீரோவும் கட்டிலும் கூடையும் சேர்ந்து, அதே பணிவோடு கேட்டன.

"அவளைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொல்லுங்கள்."

குழலியின் சிரிப்பு நின்றது. காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். வடிவு அவள் தோளை அணைத்தாள்.

ஆழத்திலிருந்து, மற்றவற்றைவிடப் பழைய குரல் ஒன்று இன்னும் தணிந்து சொன்னது.

"வயிற்றில் இருப்பதையும்."

குழலி சட்டென்று வயிற்றைப் பிடித்தாள். வளையல்கள் ஒலித்து ஓய்ந்தன.

"அப்பா... பிள்ளை அசையுது. ஒரு பக்கமா ஒதுங்குதுப்பா."

 நயினார் வாயைத் திறந்தார். இத்தனை நாள் வராத சொல் வந்தது.

"மாட்டாள்!" என்று கத்தினார். "அவள் தள்ளிக்கொள்ள மாட்டாள்!"

வீடு அமைதியாயிற்று. ஆனால் ஒரு பொருளும் இம்மிகூட நகரவில்லை.

"தாயே!" என்று தெருவைப் பார்த்து அலறினார். "இனி நான் என்ன செய்ய வேண்டும்?"

"நீர் என் மண்டபத்துக்கு வரும்போதெல்லாம் என் குடம் எங்கே இருந்தது?" என்று உலகம்மை கேட்டாள்.

நயினார் யோசித்தார். படியில் இருந்த குடம் இப்போதுதான் அவர் கண்ணுக்குத் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் படியில்தான் இருந்தது.

அவர் திரும்பி அண்டாவின் காதைப் பற்றினார். இழுத்தார். அது வாசற்படி வரை வந்தது. அங்கே அவர் கை தானாகவே நின்றுவிட்டது. மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தாயே, இன்று வெள்ளிக்கிழமை. விளக்கும் வைத்தாயிற்று. இந்த வேளையில் இந்தப் படியைத் தாண்டி ஒரு பொருள் வெளியே போனால், லட்சுமி வீட்டை விட்டுப் போய்விடுவாளே!"

உலகம்மை குழலியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அவள் இன்னும் உள்ளே வரவே இல்லையே, நயினார். வாசலில் அல்லவா நிற்கிறாள்."