சாம்பிராணிப் புகையும் பூந்திங்கிற பூனையும்

ஒரு ஊர்ல ஒரு மாடி வீடு. அந்த வீட்ல ரெண்டு பேரு இருந்தாங்க. மூணாவது ஆளு போனுக்குள்ள இருந்தாரு. ம் சொல்லு.

"ம்."

அம்மா பேரு சண்முகவடிவு, வடிவுன்னு கூப்பிடுவாங்க. மக பேரு கனிஷ்கா, உன்னை விட ஒரு வகுப்பு கூட. போனுக்குள்ள இருந்தது கனிஷ்காவோட அப்பா முத்துராசு. ஊரு கோவில்பட்டி, அவருக்கு வேலை மட்டும் மஸ்கட்டுல, ஒரு கிடங்குல. சாயங்காலம் விளக்கு வச்சதும் போன் அடிக்கும், டிங் டிங்னு. தண்ணிக்குடத்துல போனைச் சாச்சு வச்சா அப்பா வீட்டுக்கு வந்தாச்சு.

ஒரு தடவை அந்தக் கிடங்குல தீப்பிடிச்சுது. அன்னைக்குப் போன் வரல. வடிவு சாமி முன்னால தூபக்கால்ல சிரட்டைக் கனலைப் போட்டு, சாம்பிராணியைத் தூவி, அப்படியே உட்கார்ந்திருந்தா. புகை அடங்குறதுக்குள்ள போன் வந்துருச்சு, அவருக்கு ஒண்ணுமில்லைன்னு. அதுல இருந்து சாயங்காலம் சாம்பிராணி தவறுறதே இல்லை. எல்லா அறைக்கும் காட்டணும். அதுவா அடங்கணும். தண்ணி ஊத்தி அணைக்கக் கூடாது.

அப்புறம் ஒரு நாள் மழைக்கு ஒதுங்கி ஒரு பூனை வந்துச்சு. வெள்ளை உடம்புல மஞ்சப் புள்ளிபுள்ளியா, பூந்தியைச் சிதற விட்ட மாதிரி. பூந்தின்னே பேரு ஆயிருச்சு. ஆனா அந்த மூணு பேருக்கும் பூனையைப் பத்தி ஒண்ணும் தெரியாது. பால்சட்டிப் பக்கம் வந்தா ச்சூன்னு விரட்டத் தெரியும், அவ்வளவுதான்.

அதனால போனைப் பார்த்துப் படிக்க ஆரம்பிச்சாங்க. அப்பா அங்க ஒரு வீடியோ பார்த்து இங்க அனுப்புவாரு. இவங்க இங்க பார்த்துட்டு, சாயங்காலம் மூணு பேருமா உட்கார்ந்து பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி பேசுவாங்க. பால் கொடுத்தா பூனைக்கு வயித்தால போகுமாம். வாலை நட்டமாத் தூக்கிட்டு வந்தா சந்தோஷமாம். ஒண்ணுக்குப் போக மண் வேணும்னாங்க. பக்கத்துல வீடு கட்டுற இடத்துல கேட்டு ஒரு சட்டி எம்-சாண்ட் வாங்கி வச்சாங்க. பூந்தி அதுல ஏறி, பரக் பரக்னு பறிச்சு, காரியத்தை முடிச்சு, மூடிட்டும் வந்துச்சு. அப்பா போன்ல கைதட்டினாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கு ஒரு தடவை கைதட்டியிருக்கீங்களான்னு வடிவு கேட்டா.

அப்போ மார்கழி வந்துச்சு. குளிருக்கு ஜன்னலை எல்லாம் அடைச்சாங்க. பூந்தி தும்ம ஆரம்பிச்சுது. அச்சுக், அச்சுக். அப்புறம் சாப்பாட்டை நிறுத்திருச்சு. கிண்ணத்துக்கிட்ட வரும், முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போயிரும்.

முதல்ல வடிவு ஒரு வீடியோ பார்த்தா. சாப்பாடு ஆறியிருந்தா பூனைக்குப் பிடிக்காதாம். மீனை உப்புப் போடாம அவிச்சு, முள்ளெடுத்து, வெதுவெதுன்னு வச்சா. பூந்தி தொடல.

அடுத்து அப்பா ஒரு வீடியோ அனுப்பினாரு. கிண்ணத்தோட விளிம்பு மீசையில இடிச்சா பூனைக்குக் கூசுமாம். கிண்ணத்தை எடுத்துட்டுத் தட்டையா ஒரு மூடியில வச்சுப் பார்த்தாங்க. தொடல.

மூணாவதா கனிஷ்கா ஒண்ணு கண்டுபிடிச்சா. உடம்பு சரியில்லாத பூனைக்கு ஆள் நடமாட்டமில்லாத மூலை வேணுமாம். அந்த வீட்ல அப்படி ஒரே ஒரு மூலைதான் இருந்துச்சு, சாமி அலமாரிக்குக் கீழ. ஒரு அட்டைப்பெட்டியில பழைய துண்டை விரிச்சு, பூந்தியை அங்க கொண்டு வச்சா. மறுநாள் பூந்தி வாயைத் திறந்து மூச்சு விட்டுச்சு. கர்ர்... கர்ர்...

கேக்குறியா?

"ம். செத்துருமா?"

தெரியாது. கேளு.

மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. டாக்டர் ஊசி போட்டாரு. நாளைக்குள்ள அதுவா சாப்பிடணும், சாப்பிடலைன்னா நான் எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டாரு. வீட்டுக்கு வந்து மறுபடியும் அதே பெட்டியிலதான் படுக்க வச்சாங்க.

சாயங்காலம் ஆச்சு. வடிவு சாம்பிராணி போட்டா. அன்னைக்குப் பூனைக்கும் சேர்த்து வேண்டிக்கிட்டு ரெண்டு சிட்டிகை கூடப் போட்டா. டிங் டிங். பூந்தியைக் காட்டுன்னாரு அப்பா. கனிஷ்கா போனை அலமாரிக்குக் கீழ கொண்டு போனா. ஒண்ணுமே தெரியலையே, கேமராவைத் துடைன்னாரு. பாவாடையில துடைச்சா. இன்னும் மங்கல். மறுபடி துடைச்சா. அப்பவும் மங்கல்.

கேமராவுல ஒண்ணுமில்ல, அது புகைன்னு அப்பாவுக்குப் புரிஞ்சு போச்சு. அப்புறம் சொன்னாரு. பூனை மூக்கால மோந்துதான் சாப்பிடும், வீட்ல புகை இருந்தா மூக்கடைச்சு வாசனை தெரியாம பட்டினி கிடக்கும்னு முந்தாநாளே ஒரு வீடியோவுல கேட்டாராம். அனுப்ப மனசு வரலையாம்.

வடிவு தூபக்காலைப் பார்த்தா.

"உங்களுக்காகத்தானங்க போடுறேன்."

"தெரியும் வடிவு. எனக்கு ஒண்ணும் ஆகாது. வெளிய கொண்டு போயிரு."

அணைக்க முடியாது, உள்ளயும் வைக்க முடியாது. சேலை முந்தானையால கைப்பிடியைப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு மொட்டைமாடிக்கு ஏறிப் போனா. பனி கொட்டுது. தூபக்கால் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டா. கனல் அடங்குற வரைக்கும் அவரு பேரைச் சொல்லிக்கிட்டே இருந்தா.

கீழ கனிஷ்கா ஜன்னலை எல்லாம் திறந்தா, டமார் டமார்னு. விசிறி போட்டா. அட்டைப்பெட்டியைக் காத்து வர்ற பக்கம் இழுத்து வச்சா. மீனைத் திரும்பவும் சூடு பண்ணி மூடியில வச்சா. எதிர்ல போன், போன்ல அப்பா. ரெண்டு பேரும் மூச்சுக் காட்டல.

ம் சொல்லு.

"...ம்."

நேரம் போச்சு. வடிவு தூபக்கால்ல விரலை வச்சுப் பார்த்தா, ஆறிப்போச்சு. இறங்கி வந்தா. கதவுகிட்ட வரும்போது உள்ள ஒரு சத்தம். சப்... சப்... எட்டிப் பார்த்தா பூந்தி தின்னுக்கிட்டிருக்கு. நக்குற நக்குல மூடி தரையில நகருது, கரக் கரக்னு. மூடி நகர நகரப் பூந்தியும் பின்னாலயே போகுது.

வடிவு உள்ள வரல. கனிஷ்கா கையைக் காட்டி வாம்மான்னு கூப்பிட்டா. அவ முந்தானையை மூக்குல வச்சு மோந்து பார்த்துட்டு மாட்டேன்னு தலையாட்டினா. சேலை முழுக்கச் சாம்பிராணி வாசம். நிலைப்படிக்கு அந்தப் பக்கமே, குளிர்ல நின்னுக்கிட்டா.

அம்மா எங்கன்னு அப்பா கேட்டாரு. கனிஷ்கா சத்தம் போடாம போனை வாசப்பக்கம் திருப்பினா. எத்தனையோ சாயங்காலம் அவரு அந்த முகத்தைப் புகைக்கு நடுவுலதான் பார்த்திருக்காரு. அன்னைக்குத் தெளிவாத் தெரிஞ்சுது. நல்லா மெலிஞ்சு போயிருந்தா.

"நீ சாப்பிட்டியா வடிவு?"ன்னாரு.

அவ்வளவுதான் கதை. பூனை தின்னாச்சு, கனல் ஆறியாச்சு. நீ கண்ணை மூடு.