அக்காக்குயில் யாரைக் கூப்பிடுகிறது?

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு நிற்காமல் பள்ளிக்கூடமும் நடத்தின. ஆலமரத்து உச்சியில் நாரை வாத்தியார் ஒற்றைக் காலில் நின்று பாடம் சொல்வார். மேல்கிளைக்குப் பறந்து வரத் தெரிந்தால்தான் அங்கே இடம். பறக்கத் தெரியாத குஞ்சுகளைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்? தாய்மார் இரைதேடப் போன நேரத்தில் பாம்புதான் கவலைப்பட்டது!

அதே மேல்கிளையில் பூவாயி என்றொரு குருவி தன் ஆறு தங்கைகளோடு இருந்தாள். மயிலே பொறாமைப்படும் நிறம் அவளுக்கு.

ஒருநாள் மரத்தடியில் ஒரு குயில் தன் குஞ்சோடு வந்து அழுதாள். “ஐயா, எனக்குக் கூடு கட்டத் தெரியாது. பிள்ளையை எங்கே விட்டுவிட்டு இரைக்குப் போவேன்?”

“கண் திறந்து நாலு நாளாகவில்லை, இதற்குப் படிப்பு ஒரு கேடா? சிறகு முளைக்கட்டும், பார்க்கலாம்” என்றார் நாரை.

குயில் போய்த்தான் ஆகவேண்டியிருந்தது. குஞ்சு தனியாகக் கத்தியது. புற்றுப் பக்கம் சருகு அசைந்தது. பூவாயி கிளை நுனிக்கு வந்து கீழே எட்டிப் பார்த்தாள்.

“இறங்காதே! மண்ணில் புரண்டால் நிறம் போகும். நிறம் போனால் மேல்கிளையில் இடமும் போகும்” என்றார் நாரை.

“போனால் போகட்டும் போங்க! நிறத்தை வைத்து நாக்கு வழிக்கவா?” என்று கேட்டுவிட்டு அவள் குதித்தாள்.

அவள் போட்ட கூச்சலில் பாம்பு ஓடியது. குஞ்சின் அழுகைதான் ஓயவில்லை. புழுதியில் குட்டிக்கரணம் போட்டாள், குஞ்சு சிரித்தது. ஒரு சருகைப் புரட்டி, “உள்ளே யாரு, சொல்லு?” என்றாள். “புழு!” என்றது குஞ்சு. மழலைகளுக்கென்று நடந்த முதல் பள்ளியில் முதல் பாடம் அதுதான்.

மறுநாள் மரத்தடியெல்லாம் குஞ்சுகள். ஒருத்தியால் முடியுமா? தங்கைகள் ஆறு பேரும் இறங்கி வந்தார்கள். ஏழு பேரின் நிறமும் புழுதியில் போய், தவிட்டு நிறம்தான் மிஞ்சியது. மேல்கிளையில் அவர்கள் இடத்தைக் கொக்குகள் பிடித்துக்கொண்டன.

“என் பிள்ளையால் இப்படி ஆயிட்டியே, தாயே” என்று குயில் விம்மினாள்.

“அட, அழாதே. நாளைக்கும் கொண்டுவந்து விடு” என்றாள் பூவாயி.

சிறகு முளைத்ததும் அந்தக் குஞ்சு மேல்கிளைக்குப் பறந்தது. கேட்டதற்கெல்லாம் டக்கென்று பதில் சொன்னது. கழுகு ராஜா பள்ளியைப் பார்க்க வந்தபோது நாரை கழுத்தை நீட்டிக்கொண்டு, “நான் சொல்லிக்கொடுத்த பிள்ளை” என்றார்.

“இல்லை ராஜா, எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தவர்கள் கீழே இருக்கிறார்கள்” என்றது குஞ்சு.

ராஜா குனிந்து பார்த்தார். புழுதியோடு புழுதியாக இருந்தவர்கள் அவர் கண்ணில் படவேயில்லை. குஞ்சுக்குத் தாங்கவில்லை. தொண்டை கிழியக் கத்தியது: “அக்கா! அக்கா!”

ஏழு பேரும் சருகிலிருந்து தலையை நிமிர்த்தினார்கள்.

அன்று முதல்தான் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்து தரையில் சருகு புரட்டுகின்றன. அந்தக் குஞ்சின் வழிவந்த அக்காக்குயிலும், ஊருக்கெல்லாம் கேட்கட்டும் என்று, குரலை உயர்த்தி உயர்த்தி இன்னும் அவர்களைத்தான் கூப்பிடுகிறது.