ரெண்டுக்கும் ஒரே டயர்

கீச்சென்று ஒரு நீண்ட சத்தம். சுவருக்கு அந்தப் பக்கம், பந்தயத் தடத்தின் கடைசி வளைவிலிருந்து.

மெர்லின் நிமிர்ந்து பார்க்கவில்லை. வாடகை ஹெல்மெட்டுகளின் உட்பஞ்சை வாளித் தண்ணீரில் அலசிக்கொண்டிருந்தாள்.

"வரதன் சார்," என்றாள் தனக்குத்தானே.

சற்று நேரத்தில் சின்னச் சிவப்புக் கார் ஒன்று தகரக் கூரைக்கு அடியில் வந்து நின்றது. வரதன் இறங்கினார். ஐம்பதை நெருங்குகிறவர். ஞாயிறுதோறும் வருகிற மாணவர். தடத்தில் ஓட்ட அவருக்குச் சொல்லித்தந்த மெர்லினுக்கு முப்பதுதான் இருக்கும்.

"கோச், எனக்கு ஒரு டயர் சொல்லுங்க."

"நாலு வேணுமே சார்."

அவர் சிரிக்கவில்லை.

"இங்க ஓட்டவும் அதுதான். திங்கட்கிழமை காலையில ரோட்டுல போகவும் அதுதான். இன்னொரு செட் வாங்கி வைக்க ஃபிளாட்டுல இடமில்ல. ரெண்டுக்கும் ஆகிற மாதிரி ஒரே டயர்."

"மெது ரப்பர்?"

"நல்லாப் பிடிக்கும்னு சொல்றாங்க."

"சூடானாத்தான் பிடிக்கும். காலையில சிக்னலுக்கு சிக்னல் நின்னு போறப்போ அது எங்க சூடாகும்? மழை வேற பெஞ்சா?"

"அதான் பயமா இருக்கு."

"அப்போ இதே மாதிரி கெட்டி ரப்பர்."

"இங்க வளைவுல கத்துது, கோச். இப்ப கேட்டீங்களே."

"கத்தட்டுமே. கத்துற டயர் நல்ல டயர். வழுக்கப் போறேன்னு முன்னாடியே சொல்லிடுது."

வரதன் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தார். ஓரம் வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். சுட்டது. எடுக்கவில்லை.

"பொண்ணு என்கூட வர்றதில்ல," என்றார்.

மெர்லின் அலசுவதை நிறுத்தினாள்.

"தாரணி. காலேஜுக்கு நான்தான் கொண்டுபோய் விடுவேன். நாள் முழுக்க அவளோட நான் இருக்கிற நேரம் அது ஒண்ணுதான். நான் வீட்டுக்கு வரும்போது தூங்கியிருப்பா. தீபாவளி மழையிலேர்ந்து டிரெயின்ல போறா. கேட்டா, கார் வழுக்குதுப்பா, பயமா இருக்குங்கிறா."

"வழுக்குச்சா?"

"ஒரே ஒரு தடவை, பாலத்துல. லேசா. தேஞ்ச டயர்தானே. நல்லதா நாலு போட்டுட்டேன்னா வந்துடுவா."

"ஞாயித்துக்கிழமை இங்க வர்றதை விட்டுடலாமே சார். அப்புறம் எந்த டயரும் போடலாம்."

"இதையும் விட்டா வாரத்துல எனக்குன்னு என்ன இருக்கு, கோச்?"

மெர்லின் கையிலிருந்த உட்பஞ்சைப் பிழிந்து வைத்தாள்.

"அவ எப்பவாவது கத்தியிருக்காளா?"

"தாரணியா? ஒரு வார்த்தை பேசமாட்டா. காதுல பாட்டை மாட்டிக்கிட்டு ஜன்னலைப் பாத்துக்கிட்டே வருவா. நிம்மதியா வர்றான்னுதான் நெனச்சிட்டிருந்தேன்."

மெர்லின் கையைத் துடைத்துக்கொண்டு நீட்டினாள்.

"சாவி."

"இன்னொரு ரவுண்டா?"

"டீ குடிக்க."

அவள் ஓட்டுநர் பக்கம் ஏறிக்கொண்டாள். வரதன் வழி தெரியாதவர் போலச் சுற்றிப் போய் மறுபக்கம் உட்கார்ந்தார். வாங்கிய நாளிலிருந்து தன் காரில் அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்ததில்லை.

கேட்டைத் தாண்டினார்கள். ஞாயிறு மத்தியானம். சர்வீஸ் ரோடு காலியாகக் கிடந்தது.

அவர் ஓட்டுகிற மாதிரியே அவள் ஓட்டினாள். சொல்லித்தந்தவள், அவர் எங்கே என்ன செய்வார் என்று தெரியும். வேகத்தடையை ஒட்டிப் போய்த்தான் பிரேக். நின்றிருந்த லாரியை ஒரு முழம் விட்டுக் கடந்தாள். திருப்பத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. டயர் ஒரு தடவைகூட நழுவவில்லை.

வரதனின் இடது கை தானாகப் போய்க் கதவின் கைப்பிடியைப் பற்றியது.

மெதுவாகப் போகச் சொல்லலாம் என்று வாயெடுத்தார். சொல்லவில்லை. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவளிடம் அதை எப்படிச் சொல்வது?

கைப்பிடியின் உள்பக்கம் விரல்களில் ஏதோ தட்டுப்பட்டது.

தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

ரெக்சினில் பிறை பிறையாகப் பள்ளங்கள். நகம் பதிந்தவை. சில இடங்களில் கிழிந்து உள்ளே மஞ்சள் பஞ்சு தெரிந்தது. எத்தனை காலைகள் என்று சொல்ல முடியாதபடி ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

தன் விரலை ஒரு பள்ளத்தில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. சின்ன விரல்களின் தடம் அது.

டீக்கடை வந்தது. மெர்லின் வேகத்தைக் குறைத்து அவரைப் பார்த்தாள். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். வண்டியைத் திருப்பினாள்.

கூரைக்கு அடியில் வந்து நின்ற பிறகும் வரதன் இறங்கவில்லை. பந்தயத் தடத்தில் யாரோ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"டயர் என்ன சார் பண்றீங்க?"

"இதே ரோட்டு டயரே புதுசாப் போட்டுக்கறேன்."

"ம்."

"நாளைக்குக் கூப்பிட்டா வருவாளா, கோச்?"

மெர்லின் சாவியை அவர் மடியில் வைத்தாள். வாளிக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, அடுத்த ஹெல்மெட்டின் உட்பஞ்சை உருவித் தண்ணீரில் அமுக்கினாள்.