சாமியின் பொன்மேனி

மலையடிவாரத்தில் ஒரு மடம். அங்கே ஒரு வழக்கம் உண்டு. குருவோடு பேசும் சீடன் வாயைப் பொத்திக்கொண்டு அவருடைய பாதத்தை மட்டும்தான் பார்க்க வேண்டும். நிமிர்ந்து முகத்தைப் பார்த்துவிட்டால் அபசாரம்.

குருவான ஆரூர்ச் சாமிக்கு நாற்பத்தைந்து வயது. வைத்தியம் கற்றவர். வாசலில் வருகிற ஆளின் நடையைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். மூத்த சீடர் நாச்சியப்பன் அவரைவிட வயதில் பெரியவர். ஜவுளிக்கடையை மகன் கையில் ஒப்படைத்துவிட்டு மடத்துக்கு வந்தவர். சாமிக்கு மாலையில் கால் பிடித்துவிடும் பாதசேவை அவருடையது.

அந்தப் பங்குனியில் சாமியின் மேனி பொன்னிறமாகிவிட்டதென்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஆயுளைக் கூட்டும் என்று ஒரு பக்தர் கொடுத்த லேகியத்தைச் சாமி தை மாதத்திலிருந்து உண்டு வந்தார். அதன் மகிமை என்றார்கள் சிலர். இல்லை, தவத்தின் தேஜஸ் என்றார்கள் மற்றவர்கள். இலையில் வைத்த சோறு அப்படியே திரும்பி வந்தது. "பசியை ஜெயிச்சுட்டாரு சாமி" என்று மடத்துக் காரியஸ்தர் சிங்காரம் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பூரித்தார். பௌர்ணமியன்று சாமியை மலையுச்சிக்கு நடத்திப்போய்ப் பூச்சொரியவும் ஏற்பாடாகிவிட்டது.

பௌர்ணமிக்கு முதல் நாள் காலை, வைத்தியப் பாடத்தின்போது நாச்சியப்பன் கேட்டார்.

"சாமி, கல்லீரல் கெட்டுப்போனா எப்படித் தெரியும்?"

"அது பொறுமைசாலி நாச்சியப்பரே. பாதி கெடுற வரைக்கும் வாயே திறக்காது."

"அப்புறம்?"

"பசி போயிடும். வேலையே செய்யாம அசதி வரும். உடம்பு அரிக்கும். சிறுநீர் பால் விடாத கட்டன் சாயா மாதிரி போகும். கண்ணுல வெள்ளையா இருக்கற இடம் மஞ்சளாகும். கால்ல நீர் கோத்துக்கும். அழுத்தினா பள்ளம் விழும், உடனே எழும்பாது."

"வலிக்காதா சாமி?"

"வலிச்சாத்தான் எல்லாரும் முதல் நாளே ஓடி வந்துடுவாங்களே."

அன்று மாலை நாச்சியப்பன் வழக்கம்போலக் கால் பிடிக்க உட்கார்ந்தார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். பள்ளம் அப்படியே நின்றது.

இன்னோர் இடத்தில் அழுத்தினார். அங்கேயும் அப்படித்தான். தலைக்கு மேலே சாமி முழங்கையைச் சொறிந்துகொள்ளும் சத்தம் கேட்டது. திரும்பி வந்த சோறு நினைவுக்கு வந்தது. சொன்னால் தனக்கு மடத்தில் இடமிருக்காது. சொல்லாவிட்டால் மடத்தில் சாமியே இருக்க மாட்டார்.

வியாபாரி இல்லையா, கணக்குச் சட்டென்று முடிந்துவிட்டது. நாச்சியப்பன் காலிலிருந்து கையை எடுத்தார்; வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. நிமிர்ந்து குருவின் முகத்தைப் பார்த்தார்.

கண் இரண்டும் மஞ்சள். காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். இந்த ஊரிலோ காமாலைக்காரரைக் கண்டவர் கண்ணுக்கெல்லாம் பொன்.

"சாமி, இது தேஜஸ் இல்ல. காமாலை."

பூக்கூடையோடு வந்த சிங்காரம் கதவருகிலேயே நின்றுவிட்டார்.

"என்னய்யா சொன்னீரு? குருவை நிமிர்ந்து பார்த்தீரா? எழுந்திரும்! வெளிய போம்!"

"போறேன். போறப்ப சாமியையும் கூட்டிட்டுத்தான் போவேன்."

"எங்கே?"

"ஆஸ்பத்திரிக்கு. ரத்தம் பார்க்கணும், ஸ்கேன் எடுக்கணும். அந்த லேகியத்தை இந்த நிமிஷத்தோட நிறுத்தணும்."

"நாளைக்கு ஊரே மலைக்கு வருது. நான் என்ன பதில் சொல்றது?"

"மலை எங்கேயும் போயிடாது."

சிங்காரம் சாமியைப் பார்த்தார், ஒரு வார்த்தை வராதா என்று. சாமி மெல்ல எழுந்தார். நிற்க முடியாமல் தள்ளாடினார். நாச்சியப்பனின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். சிங்காரம் கூடையைக் கீழே வைத்துவிட்டு வண்டி பிடிக்க ஓடினார். பாவம், அவருக்கும் சாமிமேல் உயிர்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுத் திட்டத்தான் செய்தார். பிறகு, "நல்ல வேளை, இப்பவாவது வந்தீங்க. கல்லீரல் தேறிடும்" என்றார். நாச்சியப்பன் வராந்தாவுக்குப் போய் நின்று அழுதுவிட்டு வந்தார்.

கொஞ்ச நாளில் சாமிக்குக் கஞ்சி இறங்கத் தொடங்கியது. ஒருநாள் கஞ்சி கொடுத்துவிட்டு, நாச்சியப்பன் பழக்கதோஷத்தில் கட்டிலுக்குக் கீழே, கால்மாட்டில் உட்காரப் போனார்.

"அங்கே வேண்டாம்" என்றார் சாமி. "நாற்காலியை இழுத்துப் போட்டுக்குங்க. இனிமே மடத்துல யாரா இருந்தாலும் என் மூஞ்சியப் பார்த்துத்தான் பேசணும்."

நாச்சியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து நெஞ்சில் கிடந்ததைக் கேட்டுவிட்டார்.

"வாசல்ல வர்றவன் நடையைப் பார்த்தே நோயைச் சொல்றவர் நீங்க. உங்க உடம்பு உங்களுக்குத் தெரியலையா சாமி?"

"மாசியிலேயே தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏன் சாமி சொல்லல?"

சாமி அவர் முகத்தை நேராகப் பார்த்தார்.

"எல்லாரும் தேஜஸ்னு சொன்னாங்களே நாச்சியப்பரே. கேக்க நல்லா இருந்துச்சு."