ஏரியைக் குடித்த வாய்

வெகு காலத்துக்கு முன்னே கொன்றைநாட்டைக் கோதண்ட பூபதி என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் அடிக்கடி ஒரு புதுச் சட்டம் போடாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

ஒருமுறை பக்கத்து நாட்டு ராஜா, "உங்கள் ஊரில் 'மகாராஜா வாழ்க' என்று கத்தக்கூட ஆள் போதாது போலிருக்கிறதே" என்று கிண்டல் செய்துவிட்டுப் போனார். பூபதிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்கு ஏழு பிள்ளையாவது பெற்றாக வேண்டும் என்று முரசறையச் சொன்னார். அரண்மனை வழிகாட்ட வேண்டாமா? ராணி சௌந்தரவல்லி ஒன்பது பெற்றாள்.

பன்னிரண்டு வருஷம் போயிற்று. ஒரு கோடையில் தலைநகரத்து ஏரி இறங்கிப்போய்ச் சேறு தெரிந்தது. தளவாய் சிங்கராயர் ராஜாவின் காதருகே குனிந்தார். "ஜனங்கள் பெருகிவிட்டார்கள் மகாராஜா. குடிக்கிற வாய் கூடிப்போனதால்தான் ஏரி வற்றுகிறது."

மறுநாள் அதே முரசு வேறு மாதிரி பேசியது. இனிமேல் வீட்டுக்கு ஒரு பிள்ளைதான். இரண்டாவது உண்டானால் அந்தக் குடும்பம் நாட்டின் எல்லையைத் தாண்டிவிட வேண்டும்.

இரண்டு சட்டங்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவள் மருத்துவச்சி மருதாயி. ராணியின் ஒன்பது பிரசவத்தையும் பார்த்தவள் அவள்தான். ராணி அவள் பேச்சைக் கேட்பாள். அரண்மனையில் தன் பேச்சைத் தவிர வேறொரு பேச்சு எடுபடுவது தளவாய்க்குப் பிடிக்கவில்லை.

ஒரு நாள் நெசவாளி வீட்டுச் செல்லியைக் காவலர்கள் சபைக்கு இழுத்து வந்தார்கள். வயிற்றில் இரண்டாவது பிள்ளை, ஏழு மாதம். எல்லைக்கு அப்பால் மூன்று நாள் நடந்தாலும் பொட்டு நிழல் கிடையாது. மருதாயி அவள் கையைப் பிடித்தபடி கூடவே வந்தாள்.

"மகாராஜா, குற்றவாளி இந்த மருத்துவச்சிதான்" என்றார் தளவாய். "முன்பு பிள்ளை வேண்டாம் என்ற பெண்களுக்கு மருந்து கொடுத்தாள். இப்போது வேண்டும் என்ற பெண்களுக்குப் பிரசவம் பார்க்கிறாள். இரண்டு சட்டத்தையும் மீறியவள் நாட்டிலேயே இவள் ஒருத்திதான்."

"உண்மையா மருதாயி?"

"உண்மைதான் மகாராஜா. சட்டம் மாறிக்கொண்டே இருக்கிறது. எனக்கு ஞாபகம் வைத்துக்கொள்ள முடியவில்லை. அதனால் கூப்பிடுகிற பெண்ணிடமே 'உனக்கு என்ன வேண்டும் தாயி' என்று கேட்டுவிடுகிறேன்."

சிரிப்பதா கோபப்படுவதா என்று ராஜாவுக்குத் தெரியவில்லை. கோபப்பட்டார். "அப்படியானால் ஏரியை நீயே நிரப்பு. பதினைந்து நாளில் படித்துறையில் ஒரு படி உயரமாவது தண்ணீர் ஏற வேண்டும். ஏறாவிட்டால் இவளோடு நீயும் எல்லையைத் தாண்டு."

செல்லி மருதாயியின் கையை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பிரசவத்துக்கு ஊர் ஊராகப் போகும்போதெல்லாம் ஏரிக்கரையில் நடந்தவள் அவள். ஏரியை யார் குடிக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். அந்தப் பெயரைச் சபையில் சொன்னால் பாதியிலேயே வாயைப் பொத்திவிடுவார்கள் என்பதும் தெரியும்.

"ஒரே ஒரு அனுமதி கொடுங்கள் மகாராஜா. தளவாய் எஜமான் சொன்னது சரிதான். ஏரியை அதிகமாகக் குடிக்கிற வாய் எதுவோ, அதை நான் அடைக்கிறேன்."

மருத்துவச்சி வழிக்கு வந்துவிட்டாள் என்று தளவாய்க்கு மனம் குளிர்ந்தது. தானே ஓலையை வாங்கி எழுதினார்: 'எந்த வாயானாலும், யாருடைய வாயானாலும் மருதாயி அடைக்கலாம். தடுப்பவன் பதவி இழப்பான்.' ராஜா முத்திரை வைத்தார்.

மறுநாள் விடிந்ததும் மருதாயியோடு இருபது பெண்கள் மண்கூடையோடு ஏரிக்கரைக்குப் போனார்கள். அங்கிருந்து அகலமாக ஒரு வாய்க்கால் தளவாயின் கரும்புத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன் வாயில் கல்லையும் களிமண்ணையும் போட்டு அடைத்தார்கள். அடுத்தது, ராஜாவின் நீராட்டுக் குளத்துக்குப் போகும் வாய்க்கால். காவலன் ஓடி வந்தான். மருதாயி ஓலையை நீட்டினாள். அவன் இரண்டு தரம் படித்தான். தன் வேல்கம்பைக் கரையில் சாத்திவிட்டு மண்கூடைக்குக் கை கொடுத்தான்.

நாலாம் நாள் கரும்பு வாடியது. தளவாய் வேர்க்க விறுவிறுக்கச் சபைக்கு வந்தார். "மகாராஜா, என் வாய்க்காலை அடைத்துவிட்டாள். நான் எழுதியது ஜனங்களின் வாயைப் பற்றி."

"வாய்க்கால் வாயும் வாய்தானே எஜமானே" என்றாள் பின்னாலேயே வந்து நின்ற மருதாயி. "ஜனங்கள் குடத்தில் மொண்டு குடிக்கிறார்கள். இது படுத்த படுக்கையாகக் கிடந்து அறுபது நாழிகையும் குடிக்கிறது."

ராஜா ஓலையை வாங்கிப் பார்த்தார். "தடுப்பவன் பதவி இழப்பான் என்று எழுதியிருக்கிறீர். நீர் இப்போது தடுக்கிறீரா தளவாய்?"

"இல்லை மகாராஜா."

"அடைத்தது வாய்க்கால் வாய்தான் என்று நினைத்தேன். தளவாய் வாயும் அடைத்துக்கொண்டதே" என்று ராஜா சிரித்தார். சட்டென்று சிரிப்பு நின்றது. "அதிருக்கட்டும், என் குளத்து வாயையுமா அடைத்தாய்?"

"யாருடைய வாயானாலும் என்ற ஓலையில்தான் உங்கள் முத்திரை இருக்கிறது மகாராஜா."

ராஜா அண்டாவில் தண்ணீர் வைத்துக் குளித்தார். இரண்டு நாள் முனகினார், அப்புறம் பழகிவிட்டது.

ஏரிக்கு நீர் தரும் மலையோடை எப்போதும்போல மெல்லிசாகத்தான் வந்துகொண்டிருந்தது. வந்தது ஏரியிலேயே தங்கியது. பதினைந்தாம் நாள் ராஜா போய்ப் பார்த்தபோது இரண்டு படி மூழ்கியிருந்தன. தளவாயின் பல்லக்கிலேயே செல்லியை வீட்டுக்கு அனுப்பினார். தளவாயை ஏரி மதகுக்குக் காவல் போட்டார்.

"உனக்கு என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா, சபைக்குத் திரும்பியதும் மருதாயியிடம்.

"முரசுக்குக் கொஞ்சம் ஓய்வு கொடுங்கள் மகாராஜா. ஏழா, ஒன்றா, ஒன்றுமே வேண்டாமா என்பதைப் பெறுகிறவள் சொல்லட்டும்."

"அப்படியே ஆகட்டும்."

திரைக்குப் பின்னாலிருந்து ராணியின் குரல் வந்தது. "எனக்கும் ஒன்று வேண்டும்."

"சொல் தேவி."

"என் அறைக் கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள்."

சபையில் இருந்தவர்கள் எல்லோரும் திடீரென்று கூரைச் சித்திரங்களை ரசிக்கத் தொடங்கினார்கள். ராஜா திரைப் பக்கம் திரும்பினார். பிறகு தணிந்த குரலில், "இத்தனை வருஷமாக நீ கேட்கவில்லையே" என்றார்.

"நீங்களும்தான் கேட்கவில்லை."

மத்தியானம் தச்சன் வந்து தாழ்ப்பாளைப் பொருத்திவிட்டுப் போனான். அந்தி சாய்ந்ததும் கொன்றைநாட்டு மகாராஜா அந்தக் கதவுக்கு முன்னால் வந்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கதவைத் தட்டினார். உள்ளிருந்து பதில் வரும்வரை வெளியிலேயே நின்றார்.