சவரிராயனின் நாற்பது பிள்ளைகள்

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கம்ப்யூட்டர் படிக்க வந்தவர் சவரிராயன். வயது ஐம்பத்துமூன்று. சொல்லிக்கொடுத்த பர்வீனுக்கு இருபத்தொன்பது. இதில் கூச்சப்பட்டது என்னவோ குருதான்.

மதியம் எல்லோரும் கூட்டமாகச் சாப்பிடப் போனார்கள். அவரை யாரும் கூப்பிடவில்லை. அவர் பர்வீனிடம் வந்தார்.

“டீச்சர், என் புரோக்ராம் நாற்பது பிள்ளைகளை, அதான் குட்டிப் புரோக்ராமுங்களை, கிளப்பி வேலைக்கு அனுப்புச்சு. எல்லாம் முடிச்சிடுச்சுங்க. ஆனா முடிஞ்சதுன்னு சிக்னல் மூணுதான் வந்துச்சு. மூணு பேரை மட்டும் விசாரிச்சு அனுப்பிட்டேன். மிச்சம் முப்பத்தேழும் லிஸ்ட்லயே நிக்குது. கொல்லப் பார்த்தேன், போகமாட்டேங்குது.”

“செத்ததை எப்படி சார் கொல்றது?”

“அப்புறம் ஏன் நிக்குது?”

“பெத்த புரோக்ராம் வந்து என்னாச்சுன்னு ஒரு வார்த்தை கேட்கணும். அதுவரைக்கும் பேரு போகாது. நடுவுல சிக்னலைத் தடுத்து வெச்சீங்களா?”

“ஆமா. ஃபைல் எழுதறப்ப குறுக்க வரக்கூடாதுன்னு.”

“அதுல தப்பில்ல.”

சவரிராயன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். யாரும் கேட்காமலே சொன்னார்.

“என் பொண்ணு ஜெசிந்தா நம்பரையும் ரெண்டு வருஷம் தடுத்துதான் வெச்சிருந்தேன். அவ இஷ்டத்துக்குக் கல்யாணம் பண்ணிக்கிட்டா. போன வாரம் மனசு கேக்காம தடையை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு மிஸ்டு கால்தான் காட்டுச்சு. ரெண்டு வருஷத்துக்கு ஒண்ணு. அவ்வளவுதான் எனக்கு மரியாதை. நான் திருப்பிக் கூப்பிடல. வீட்டுல பேச்சுச் சத்தம் வேணுமேன்னு டிவியைப் போட்டுட்டு அடுப்படியில நிக்கிறேன் டீச்சர்.”

பர்வீன் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள். நாலு வரி எழுதி ஓடவிட்டாள். கீபோர்டை அவர் பக்கம் தள்ளினாள்.

“சிக்னலைத் தடுத்திருக்கேன். நீங்க அனுப்புங்க.”

அவர் அனுப்பினார். மறுபடி அனுப்பினார். பன்னிரண்டு தடவை. திரை சும்மா இருந்தது.

அவள் தடையை எடுத்தாள். “சிக்னல் வந்தது” என்று ஒரே ஒரு வரி விழுந்தது.

“பன்னெண்டு அனுப்பினேனே?”

“தடுத்து வெச்சிருக்கறப்ப, வந்துச்சுன்னு மட்டும்தான் குறிச்சுக்கும் சார். எத்தனை தடவைன்னு குறிச்சுக்காது.”

அவர் அந்த ஒற்றை வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எத்தனை தடவைன்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கறது?”

“இங்க உட்கார்ந்துக்கிட்டுத் தெரியாது சார். நாமளா போய்ப் பிள்ளைங்களைத்தான் கேட்கணும்.”